பிரையன் கிளஃப்: பீட்டர் டெய்லர் இல்லாமல் அந்த இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள் வந்திருக்குமா?

நடுக்களம் எழுதியது:

கால்பந்தில் பெரிய ஆட்டக்காரர்கள் மேனேஜர் வேலைக்கு வந்ததும் ஏன் தடுமாறுகிறார்கள் என்று வேறொரு இழையில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் பிரையன் கிளஃப் பெயர் ஒரே வரியில் வந்து போய்விட்டது. மனசு கேட்கவில்லை, அதனால் இந்த இழை.

1975 ஜனவரியில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் இரண்டாம் டிவிஷனில் 13ஆம் இடத்தில் கிடந்தது. அந்த அணியை எடுத்துக்கொண்டவர் 1977இல் முதல் டிவிஷனுக்கு (அன்றைய உச்ச மட்டம்) ஏற்றினார். வந்த முதல் வருடமே, 1977-78இல், லீக் சாம்பியன். 1979இல் ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்). 1980இல் மறுபடியும் அதே கோப்பை. இன்றைக்குப் பணத்தைக் கொட்டும் கிளப்புகள் எல்லாம் இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் எனக்கு அவருடைய ஆட்ட வாழ்க்கைதான் முதலில் நினைவுக்கு வரும். 1935இல் மிடில்ஸ்பரோவில் பிறந்தார். அப்பா மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், வீடு நிறையப் பிள்ளைகள். கிளஃப் பதினொரு வயதில் எழுதும் தேர்வில் தேறவில்லை. பிறகு ஐசிஐ என்ற ரசாயனக் கம்பெனியில் சின்ன வேலை, கட்டாய ராணுவச் சேவைக்கு விமானப்படை, அதற்கப்புறம் சொந்த ஊர் அணி. மிடில்ஸ்பரோவுக்கு லீக்கில் 213 ஆட்டத்தில் 197 கோல். 1961இல் சண்டர்லாண்டுக்குப் போய் 61 ஆட்டத்தில் 54 கோல். கூட்டினால் 274 ஆட்டத்தில் 251. இங்கிலாந்து அணியில் மட்டும் இரண்டே ஆட்டம், இரண்டும் 1959இல், கோல் இல்லை.

1962 டிசம்பர் 26, சண்டர்லாண்டின் மைதானமான ரோக்கர் பார்க், பெரி அணிக்கு எதிரான ஆட்டம். தரை உறைந்து கல்லாகக் கிடந்தது. அந்த சீசனில் அதுவரை லீக்கில் 24 ஆட்டம், 24 கோல். முன்னால் போட்ட பந்தைத் துரத்தி ஓடினார், எதிரே கோல்கீப்பர் கிறிஸ் ஹார்க்கர் பாய்ந்தார். முழங்கால் ஜவ்வு அறுந்துபோனது. அந்தக் காலத்து வைத்தியத்தில் அதற்குப் பிறகு மீள்வது அபூர்வம். வயது 27. 1964இல் திரும்பி வந்து முதல் டிவிஷனில் மூன்றே ஆட்டம், ஒரே ஒரு கோல். அந்தக் கோல் லீட்ஸுக்கு எதிராக! லீட்ஸ் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து இதுதான்: மேனேஜர் கிளஃபை உருவாக்கியது அந்த முழங்கால். ஆட வேண்டிய வயதில் ஆட முடியாமல் போனவரின் அவசரம் அவர் செய்த எல்லாவற்றிலும் இருந்தது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கையுறை மணி எழுதியது:

தம்பி, நல்ல இழை. ஆனால் முழுப் பதிவிலும் பீட்டர் டெய்லர் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லையே. தலைப்பில் மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தால் எப்படி?

டெய்லர் கோல்கீப்பர், மிடில்ஸ்பரோவில் கிளஃபோடு ஆடியவர். கிளஃபைவிட ஆறு வயதுக்கு மேல் மூத்தவர். கிளஃப் ரிசர்வ் அணியில் இருந்தபோதே "இவன் தரமானவன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவர். 1965இல் ஹார்ட்டில்பூல்ஸ் வேலை கிடைத்தபோது கிளஃப் முதலில் கூப்பிட்டது இவரைத்தான். டெய்லர் அப்போது பர்ட்டன் ஆல்பியனில் மேனேஜர், ஓரளவு நல்ல நிலைமை. அதை விட்டுவிட்டு, லீக்கின் அடிமட்டத்தில் கிடந்த கிளப்புக்கு உதவியாளராகப் போனார். காசு இல்லாத கிளப். அணி போகும் பஸ்ஸை ஓட்ட கிளஃபே லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார் என்றால் பாருங்கள். சேர்மன் டெய்லரை வெளியேற்றப் பார்த்து, அப்புறம் கிளஃபையும் சேர்த்து வெளியேற்றப் பார்த்து, கடைசியில் சேர்மன்தான் போக வேண்டியதாயிற்று.

ஆளைக் கண்டுபிடிப்பது டெய்லர் வேலை. கண்டுபிடித்த ஆளை ஆட வைப்பது கிளஃப் வேலை. இதில் எது பெரிது என்று கேட்டால் எனக்கு முதலாவதுதான். ஒரு சாட்சி சொல்கிறேன். 1967இல் இரண்டு பேரும் டார்பி கவுண்டி கிளப்புக்குப் போனதும் டிரான்மியரில் ஆடிய ராய் மெக்ஃபார்லண்ட் என்ற 19 வயதுப் பையனை டெய்லர் கண்ணில் வைத்திருந்தார். ஆட்டம் முடிந்த ராத்திரி இரண்டு பேரும் நேராகப் பையன் வீட்டுக்கே போய்விட்டார்கள். பையன் தூங்கிவிட்டான். எழுப்பி, பைஜாமாவோடு கீழே இறக்கி உட்காரவைத்துப் பேசினார்கள். அவனுக்கு ஆசையெல்லாம் லிவர்பூல். "இவ்வளவு ஆசைப்படுகிறார்களே, போ" என்று அப்பா சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டான். பிற்பாடு இங்கிலாந்தின் சிறந்த சென்டர் ஹாஃப்களில் ஒருவர் ஆனார்.

ஏழாம் நம்பர் எழுதியது:

மணி அண்ணா, மெக்ஃபார்லண்ட் சரி. ஆனால் டேவ் மெக்கேவை டார்பிக்குக் கொண்டுவந்தது யார்? டாட்டன்ஹாமில் எல்லாம் ஆடி முடித்து, 33 வயதில், ஹார்ட்ஸுக்கு உதவி மேனேஜராகப் போகத் தயாராக இருந்த மனுஷன். கிளஃப் லண்டனுக்கே போய், மணிக்கணக்கில் பேசி, இரண்டாம் டிவிஷனுக்கு இழுத்து வந்தார். அதுவும் "ஓட வேண்டாம், பின்னால் நின்று பிள்ளைகளை நடத்து" என்று. 1969இல் டார்பி மேலே ஏறியது, அந்த வருடம் கால்பந்து எழுத்தாளர்கள் தரும் சிறந்த ஆட்டக்காரர் விருதை மெக்கே டோனி புக்கோடு பகிர்ந்துகொண்டார். ஆளைக் கண்டுபிடித்தால் போதுமா? வரவைக்க வேண்டாமா?

1972 லீக் பட்டம் எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். டார்பி எல்லா ஆட்டத்தையும் முடித்துவிட்டு 58 புள்ளியோடு காத்திருந்தது. லீட்ஸுக்கும் லிவர்பூலுக்கும் ஒவ்வோர் ஆட்டம் பாக்கி. டெய்லர் ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மயோர்க்கா போய்விட்டார். கிளஃப் குடும்பத்தோடு சில்லி தீவுகளில். லீட்ஸ் வுல்வ்ஸிடம் தோற்றது, லிவர்பூல் ஆர்சனலோடு டிரா. டார்பியின் வரலாற்றில் முதல் லீக் பட்டம், மேனேஜர் கடற்கரையில் இருக்கும்போது வந்தது.

கலைவாணி எழுதியது:

எல்லோரும் வெற்றியிலேயே நிற்கிறீர்கள். மணி அண்ணா சொல்வதற்கு உண்மையான சோதனை லீட்ஸ்தான். 1973 அக்டோபரில் டார்பி சேர்மன் சாம் லாங்சனோடு முறைத்துக்கொண்டு இரண்டு பேரும் ராஜினாமா செய்தார்கள். டிவியில் பேசுவதும் பத்திரிகையில் எழுதுவதும்தான் சண்டைக்கு வேர். ஊரே திரண்டு போராடியும் பதவி திரும்பவில்லை. அப்புறம் மூன்றாம் டிவிஷனில் பிரைட்டன். அங்கே சொந்த மைதானத்தில் பிரிஸ்டல் ரோவர்ஸிடம் 8-2, அமெச்சூர் அணியான வால்ட்டன் அண்ட் ஹெர்ஷமிடம் எஃப்ஏ கோப்பையில் 4-0. 1974 ஜூலையில் லீட்ஸ் கூப்பிட்டது. கிளஃப் போனார். டெய்லர் பிரைட்டனிலேயே தங்கிவிட்டார்.

44 நாள். ஆறு லீக் ஆட்டத்தில் ஒரே வெற்றி.

லீட்ஸின் முந்தைய மேனேஜர் டான் ரெவியின் அணியை வருடக்கணக்கில் "அழுக்கு ஆட்டம்" என்று திட்டியவர், அந்த அணிக்கே மேனேஜராகப் போய், முதல் கூட்டத்திலேயே உங்கள் மெடல்களைக் குப்பையில் போடுங்கள், நேர்மையாக ஜெயித்ததல்ல என்கிற மாதிரி பேசினார் என்று அங்கே இருந்த ஆட்டக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். பில்லி பிரெம்னர், ஜானி ஜைல்ஸ், நார்மன் ஹண்டர் மாதிரி ஆட்களிடம் அப்படிப் பேசலாமா? வெம்பிளியில் சேரிட்டி ஷீல்டு ஆட்டத்தில் பிரெம்னரும் லிவர்பூலின் கெவின் கீகனும் அடித்துக்கொண்டு சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே போனார்கள், பிரெம்னருக்கு நீண்ட தடை. வேலை போன அன்று ராத்திரியே டிவியில் ரெவியும் கிளஃபும் ஒரே மேசையில். அந்த உரையாடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாது.

டெய்லர் கூட இருந்திருந்தால் அந்த முதல் நாள் பேச்சையே பேச விட்டிருக்க மாட்டார். கிளஃபிடம் "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். லீட்ஸில் அந்த ஆள் இல்லை.

ஏழாம் நம்பர் எழுதியது:

ஒன்றைச் சேர்க்கிறேன் அக்கா. அதே லீட்ஸ் ஆட்டக்காரர்கள் அடுத்து வந்த மேனேஜர் ஜிம்மி ஆர்ம்ஃபீல்டின் கீழ் அந்த சீசனிலேயே ஐரோப்பியக் கோப்பை இறுதிவரை போனார்கள். ஆகவே அணி செத்துப்போனதால் தோற்றார் என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது.

ட்ரென்ட் கரை எழுதியது:

நான் பல வருடமாக நாட்டிங்காமில் வேலை பார்க்கிறேன். இங்கே பழைய ஆட்களிடம் பேசினால் கோப்பைகளைவிட மனுஷனைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். ரசிகர்கள் மைதானத்தில் கெட்ட வார்த்தை பேசியபோது, "கனவான்களே, தயவுசெய்து கெட்ட வார்த்தை வேண்டாம்" என்று கீழே பிரையன் என்று பெயர் போட்டு ஒரு பலகை வைத்தார். அவருடைய அணியில் யாரும் ரெஃப்ரியிடம் வாய் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மறுநாள் கிளஃபிடம் பதில் சொல்ல வேண்டும். பந்து தரையில் போக வேண்டும், கிடைத்ததும் நம் ஆளிடம் கொடு, அவ்வளவுதான் பாடம். கரும்பலகை வைத்து உத்தி விளக்குவதெல்லாம் கிடையாது. பயிற்சிக்குப் பதிலாக ஆற்றங்கரையில் நடக்கக் கூட்டிப்போன நாட்களும் உண்டு.

ஜான் ராபர்ட்சனைப் பாருங்கள். கிளஃப் வந்தபோது உடம்பு பெருத்து, ஷூகூடச் சரியாகத் துடைக்காமல், கிளப்பை விட்டு விலகும் நிலையில் இருந்தவர். வேகமும் கிடையாது. அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இடது கோட்டை ஒட்டி நில், பந்து உன்னிடம் வரும், கிராஸ் போடு. 1979 மே 30, மியூனிக், மால்மோவுக்கு எதிரான இறுதி ஆட்டம். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ராபர்ட்சன் இரண்டு பேருக்கு நடுவே புகுந்து கோடு வரை போய், தூரக் கம்பத்துக்குத் தூக்கிப் போட்டார். ட்ரெவர் ஃப்ரான்சிஸ் ஓடிவந்து தலையால் தட்டினார். 1-0. அந்த ஃப்ரான்சிஸ்தான் பிரிட்டனின் முதல் பத்து லட்சம் பவுண்டு ஆட்டக்காரர், பிப்ரவரியில் வாங்கியவர். ஐரோப்பிய விதிப்படி அந்த இறுதி ஆட்டம்தான் அந்தத் தொடரில் அவருக்கு முதல் ஆட்டம். அடுத்த வருடம் மாட்ரிட்டில் ஹாம்பர்க். அங்கே கீகன் எதிரணியில். ஃப்ரான்சிஸ் காயம். மறுபடி 1-0, கோல் ராபர்ட்சன்.

அந்த முதல் கோப்பையில் அரையிறுதிதான் எனக்குப் பிடித்தது. கோலோனுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் 3-3. சொந்த ஊரில் மூன்று வாங்கிவிட்டு ஜெர்மனியில் போய் என்ன செய்ய முடியும் என்று எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். போய் 1-0 ஜெயித்து வந்தார்கள், இயன் போயர் தலையால் அடித்தது.

கையுறை மணி எழுதியது:

ராபர்ட்சனை எடுத்தீர்கள், நல்லது. கென்னி பர்ன்ஸையும் எடுங்கள். பர்மிங்ஹாமில் ஸ்ட்ரைக்கர், சண்டைக்காரர், குடி, நாய்ப்பந்தயம் என்று கெட்ட பெயர். டெய்லர் முகம் தெரியாமல் தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நாய்ப்பந்தய மைதானத்துக்கே போய் பர்ன்ஸ் எவ்வளவு பணம் கட்டுகிறார் என்று பார்த்து வந்தார். கட்டுக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு 1,50,000 பவுண்டுக்கு வாங்கி, பின்வரிசையில் நிறுத்தினார்கள். 1978இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. கேரி பர்ட்டில்ஸ், உள்ளூர் லாங் ஈட்டன் யுனைடெட்டிலிருந்து 2,000 பவுண்டு. கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனுக்குப் பெரிய விலை கொடுக்க வைத்ததிலும் டெய்லர் கை உண்டு, தான் ஒரு கோல்கீப்பர் அல்லவா, அந்த மதிப்பு தெரியும். 1977 நவம்பரிலிருந்து 1978 டிசம்பர் வரை லீக்கில் 42 ஆட்டம் தோல்வி இல்லாமல் போனதற்கு ஷில்டன் எவ்வளவு காரணம்! 2004இல் ஆர்சனல்தான் அதைத் தாண்டியது.

அதனால்தான் சொல்கிறேன், கிளஃப் 1975-76இல் தனியாக ஃபாரஸ்டில் இருந்தார், எட்டாம் இடம். 1976 ஜூலையில் டெய்லர் வந்தார். அடுத்த மூன்று வருடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

கலைவாணி எழுதியது:

இந்த இழையில் ஒரு விஷயம் விடுபடக்கூடாது. விவ் ஆண்டர்சன் சொன்ன கதை ஒன்று உண்டு. கார்லைலில் ஓர் ஆட்டம், மாற்று ஆட்டக்காரராக இருந்த அந்தக் கறுப்பினப் பையனை உடம்பைச் சூடாக்கிக்கொள்ள கோட்டோரம் அனுப்பினார் கிளஃப். கூட்டம் பழங்களை வீசியது. பையன் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டான். கிளஃப் அவனைத் திரும்பப் போகச் சொன்னார், வரும்போது எனக்கு இரண்டு பேரிக்காயும் ஒரு வாழைப்பழமும் எடுத்துவா என்று. கூட்டத்துக்குப் பயந்தால் உனக்கு இங்கே இடமில்லை என்று பிறகு தனியாக எடுத்துச் சொன்னாராம். 1978இல் ஆண்டர்சன் இங்கிலாந்தின் முழு அணியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

அதே கிளஃப் 1981இல் ஜஸ்டின் ஃபஷானுவைப் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். ஃபஷானு ஆண்களை விரும்புபவர் என்ற பேச்சு காதுக்கு வந்ததும் அவரை விசாரித்து, அவமானப்படுத்தி, முதல் அணியோடு பயிற்சிக்கே வரவிடாமல் செய்தார். தன் சுயசரிதையில் அதை அவரே எழுதியிருக்கிறார். ஃபஷானு 1998இல் தற்கொலை செய்துகொண்டார். ஹில்ஸ்பரோவில் 1989இல் ஃபாரஸ்ட் ஆடிய அரையிறுதியில் ஏற்பட்ட நெரிசலால் 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள். அதற்கு ரசிகர்களே காரணம் என்று கிளஃப் எழுதியது அந்தக் குடும்பங்களுக்குச் செய்த அநியாயம். 2016 விசாரணைத் தீர்ப்பு ரசிகர்கள்மீது எந்தக் குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டது. எனக்குக் கிளஃபின் அணிகள் பிடிக்கும். ஆனால் இந்த இரண்டையும் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு அவரைக் கொண்டாட என்னால் முடியாது.

ட்ரென்ட் கரை எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள் கலைவாணி. இங்கேயும் சிலர் அதைப் பேச விரும்ப மாட்டார்கள், பேசியே ஆக வேண்டியது. 1984 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர்களோடு நின்ற அதே மனுஷன்தான் ஃபஷானுவிடம் இப்படி நடந்துகொண்டதும்.

நடுக்களம் எழுதியது:

கலைவாணி அக்கா எழுதியதற்கு நன்றி. அதை யாரும் மறுக்க முடியாது.

மணி அண்ணாவின் வாதத்துக்கு வருகிறேன். டெய்லர் இல்லாத கிளஃபைச் சொன்னீர்கள். கிளஃப் இல்லாத டெய்லரையும் பார்ப்போம். பிரைட்டனில் 1974 முதல் 1976 வரை தனியாக இருந்தார், மூன்றாம் டிவிஷனிலிருந்து மேலே ஏற முடியவில்லை. 1982இல் ஃபாரஸ்டை விட்டு ஓய்வு என்று போனவர், அதே வருடக் கடைசியில் டார்பிக்கு மேனேஜர் ஆனார். 1983 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் ஃபாரஸ்டை 2-0 தோற்கடித்தது ஒன்றுதான் பெருமை. 1984இல் டார்பி மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது.

கிளஃபோ டெய்லர் போன பிறகு மூன்று முறை லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தார்: 1984, 1988, 1989. 1989, 1990 இரண்டு வருடமும் லீக் கோப்பை. 1984இல் யுஇஎஃப்ஏ கோப்பை அரையிறுதியில் ஆண்டர்லெக்டிடம் 3-0 தோற்று வெளியேறினார்கள். அந்த ஆட்டத்தின் ரெஃப்ரிக்கு ஆண்டர்லெக்ட் தலைவர் பணம் கொடுத்தது 1997இல் வெளியே வந்தது. 1985 ஹெய்செல் மைதானத் துயரத்துக்குப் பிறகு ஐரோப்பியப் போட்டிகளில் இங்கிலாந்து கிளப்புகளுக்குத் தடை இருந்ததால் 1988, 1989 மூன்றாம் இடங்களால் ஐரோப்பாவுக்கும் போக வழியில்லை. கோப் ராம்ப்ளர்ஸிலிருந்து வந்த ராய் கீனை 19 வயதிலேயே லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் இறக்கியதும் டெய்லர் இல்லாத கிளஃப்தான்.

கையுறை மணி எழுதியது:

தம்பி, மூன்றாம் இடம் பெரிய விஷயம்தான், ஆனால் லீக் பட்டம் வரவில்லையே. 1991 எஃப்ஏ கோப்பை இறுதி, டாட்டன்ஹாமோடு 1-1. கூடுதல் நேரத்துக்கு முன்னால் மேனேஜர்கள் எல்லாம் மைதானத்துக்குள் போய் ஆட்டக்காரர்களிடம் பேசுவார்கள். கிளஃப் இருக்கையை விட்டு எழவே இல்லை. டெஸ் வாக்கர் சொந்த கோல், 2-1. பக்கத்தில் டெய்லர் இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார். குடி அதற்குள் முற்றியிருந்தது. 1993இல் பிரீமியர் லீக்கின் முதல் சீசனிலேயே ஃபாரஸ்ட் கடைசி இடம், கிளஃப் ஓய்வு.

1983இல் டெய்லர் தன்னிடம் சொல்லாமல் ராபர்ட்சனை டார்பிக்கு எடுத்துக்கொண்டார் என்று முறிந்த நட்பு, திரும்ப ஒட்டவே இல்லை. டெய்லர் 1990இல் மயோர்க்காவில் இறந்தார். கிளஃப் இறுதிச் சடங்குக்குப் போனார், பிறகு சுயசரிதையை டெய்லருக்குச் சமர்ப்பித்தார். ஏழு வருடத்தில் ஒரு போன் செய்திருக்கலாம் இரண்டு பேரும். எனக்கு இதை எழுதும்போதே கஷ்டமாக இருக்கிறது.

ஏழாம் நம்பர் எழுதியது:

ஒரு சந்தேகம் அண்ணா. டெய்லர் கண் அவ்வளவு கூர்மையென்றால் 1980க்கு அப்புறம் ஃபாரஸ்ட் ஏன் சரிந்தது? அப்போது இரண்டு பேரும் சேர்ந்துதானே இருந்தார்கள்?

நடுக்களம் எழுதியது:

அதுதான் நான் கேட்க நினைத்த கேள்வி. நடுக்கள ஆட்டக்காரர் ஆர்ச்சி கெம்மில் 1979இலேயே போய்விட்டார், அவர் இடத்தை யாராலும் நிரப்ப முடியவில்லை. 1980இல் பர்ட்டில்ஸை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். இயன் வாலஸ், பீட்டர் வார்டு, ஃபஷானு என்று பெரிய விலைக்கு வாங்கிய ஃபார்வர்டுகள் எதிர்பார்த்த மாதிரி வரவில்லை. 1981இல் ஃப்ரான்சிஸும் போனார். 1980-81 ஐரோப்பியக் கோப்பையில் முதல் சுற்றிலேயே சோஃபியாவின் சிஎஸ்கேஏவிடம் வெளியே. ராபர்ட்சன், பர்ன்ஸ், பர்ட்டில்ஸ் என்று யாரும் சீண்டாத ஆட்களைக் கண்டுபிடித்த ஜோடி, கையில் பணம் வந்ததும் எல்லோரும் துரத்தும் ஆட்களையே துரத்தினார்கள். அந்த வாங்கல்களில் டெய்லர் பங்கும் உண்டு, மணி அண்ணா.

கையுறை மணி எழுதியது:

வாலஸும் வார்டும் டெய்லர் கணக்கில் போகட்டும், ஒப்புக்கொள்கிறேன். வார்டு அவருக்குப் பிரைட்டனிலேயே பழக்கமான பையன். ஆனால் மியூனிக்கிலும் மாட்ரிட்டிலும் இறங்கிய பதினோரு பேரில் டெய்லர் சிபாரிசு இல்லாமல் வந்தவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போடுங்கள், அதற்கப்புறம் பேசுவோம்.

ட்ரென்ட் கரை எழுதியது:

ஒருவரை நான் சொல்கிறேன் மணி சார், ஜான் மெக்கவர்ன். ஹார்ட்டில்பூல்ஸில் 16 வயதில் கிளஃப் ஆட இறக்கிய பையன். டார்பிக்குக் கூட்டிப்போனார், லீட்ஸுக்குக் கூட்டிப்போனார். அங்கே சொந்த ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். 1975இல் டெய்லர் இன்னும் பிரைட்டனில் இருக்கும்போதே ஜான் ஓ'ஹேரோடு சேர்த்து ஃபாரஸ்டுக்குக் கூட்டிவந்தார். இரண்டு ஐரோப்பியக் கோப்பையையும் கேப்டனாக வாங்கியது அவர்தான். அந்த ஒரு ஆளை விடாமல் பிடித்துக்கொண்டது முழுக்க முழுக்கக் கிளஃப்.